பொய்க்குரலும் வேட்டை அறமும்

உயிர்க்கொலை தகுமா என்னும் வினா நம் இலக்கியத்திற் பலகாலும் விவாதிக்கப்பட்ட ஒன்று. அதனை மீண்டும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கொல்வதற்கு முன் நிகழும் ஒரு சிறு செயலே ஈண்டு ஆராயப்படுகின்றது. வேடன் பறவையைத் தேடிச் செல்லாது, அப்பறவை இனத்தின் ஒலியைத் தானே எழுப்பி, அதனைத் தன்னிடம் வரச் செய்கின்றான். அவ்வாறு அழைப்பது பொய்யா? பொய்யாயின், எல்லா அழைப்பும் ஒரே அளவிற் பொய்யா? பல அழைப்புகளுள் ஒன்றைத் தனக்கு உகந்ததெனத் தேர்ந்துகொள்ளும் ஒருவன், அத்தேர்வினால் மட்டும் நல்லவனாகவோ தீயவனாகவோ ஆகின்றானா?

வட அமெரிக்காவில் இவ்வழைப்பு ஒரு பெருங்கலையாகவே வளர்ந்துள்ளது. அங்கு இளவேனிற் காலத்தில் வான்கோழிச் சேவல் உரத்துக் கூவும்; பேடு அக்குரலை நாடிச் செல்லும். இது இயற்கை முறை. வேட்டைக்காரனோ மரப்பெட்டியொன்றின் மூடியை அதன் விளிம்பில் உரசியோ, கற்பலகையிற் குச்சியைத் தேய்த்தோ, வாயினுள் அடக்கிய மெல்லிய சவ்வினை ஊதியோ பேட்டின் குரலை எழுப்பி, முறையைத் தலைகீழாக்கிச் சேவலைத் தன்பால் வருவிக்கின்றான். பெட்டிக் கருவிக்கு 1897இல் ஆர்க்கன்சாவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் காப்புரிமை பெற்றார். அதற்கு நெடுங்காலம் முன்னரே அம்மண்ணின் பழங்குடியினர் வான்கோழியின் சிறகெலும்பையே குழலாக்கி ஊதினர். சென்ற ஆண்டு மாண்ட பறவையின் எலும்பு இவ்வாண்டு மாளவேண்டிய பறவையை அழைத்தது. (வான்கோழி என்றவுடன் மூதுரை நம் நினைவுக்கு வரும். அங்கு மயிலைப் பார்த்துப் போலி செய்வது வான்கோழி. இங்கோ வான்கோழியைப் பார்த்துப் போலி செய்பவன் மனிதன். அமெரிக்கப் பறவை 16ஆம் நூற்றாண்டுக்கு முன் நம் நாடுகளை எட்டியிருக்க இயலாதாகையால், மூதுரையாசிரியர் கருதிய பறவை யாது என்பதைத் தமிழ்ச் சிறப்புக்கலை மாணவர் யாரேனும் ஆராயலாம்.)

எமது மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலத்திலும் இக்கலைக்கு ஒரு வழக்குண்டு. வாவிக்கு கிழக்கே கடலை அண்டிக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிவது படுவான்கரை. செவியைக் கூர்மையாக்கிக்கொண்ட மக்கள் வாழும் நிலம் இது. தோணியிலிருந்து சவளின் ஒரு நுனியை நீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துப் பாடுமீனின் ஒலியைக் கேட்கும் மீனவர் வழக்கம் உலகறிந்தது. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலும் எழுதியுள்ளது. இந்நிலத்துக் காடுகளில் வாழும் காட்டுக்கோழி இலங்கைக்கே உரிய பறவை. நாட்டின் தேசியப் பறவையும் அதுவே. சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் படர்ந்த அதன் சேவல், விடியற்காலையிற் சிறகுகளை அடித்துப் பிற சேவல்களை அறைகூவும். அவ்வோசையை மனிதன் எளிதிற் பண்ணலாம். ஒரு துணியை நான்காய் மடித்துத் தொடையில் அடித்தாற் போதும். தன் எல்லைக்குள் அயற்சேவல் புகுந்துவிட்டதென்று கருதிக் காட்டுச் சேவல் சினந்து வரும்.

படுவான்கரையில் வாழும் என் அம்மப்பா இளமையில் இவ்வித்தையில் வல்லவர். காட்டுக்கோழியைக் கொல்வது இன்று சட்டப்படி குற்றமாகும். அவரும் துவக்கைத் தொட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. எனினும் அழைப்புகளை அவர் மறந்தாரல்லர். அவர் அறிந்தவை மூன்று. ஒன்று, மேற்கூறிய துணியடி. இரண்டு, தொண்டையால் எழுப்பும் பேட்டின் குரல். மூன்றாவது, இளந்தளிர் ஒன்றை உதடுகளிடை வைத்து ஊதி எழுப்பும் குஞ்சின் அலறல். மூன்றாவதே மிகவும் பலன் தருவது என்று அவரே ஒப்புக்கொள்கின்றார். ஆயினும் வாழ்நாளில் அதனை வேட்டைக்கு அவர் பயன்படுத்தியதில்லை. ஏன் என்று கேட்டேன். “சண்டைக்கு வாற சேவல் என்ன எதிரியெண்டு நெனச்சுத்தான் வருது மனே. குஞ்சுக்கு வாற தாய்க்கு எதிரி ஆரெண்டு தெரிஞ்சாலும் வரும்” என்றார்.

இவ்விடையை ஆராய்தல் தகும். சிறகடி ஓசை பறவையின் செருக்கைத் தொடுகின்றது. பேட்டின் குரல் அதன் காமத்தை. குஞ்சின் அலறல் அதன் அன்பை. சேவல் போருக்கென்றே வருகின்றது. தீங்கு நேரலாம் என்னும் எச்சரிக்கை அதன் வரவிலேயே அடங்கியுள்ளது. நின்று நோக்கும்; பக்கவாட்டில் வளைந்து வரும்; ஐயுற்றால் மீளும். தாயிடம் இவையொன்றும் இல்லை. மனிதனைக் கண்ட பின்னரும் அது முன்னேறுகின்றது. எனவே முதலாவது அழைப்பு பறவையின் அறியாமையைப் பயன்படுத்துகின்றது எனலாம். மூன்றாவது, அறிந்தும் விலகமுடியாத அதன் நிலையைப் பயன்படுத்துகின்றது. ஒருவனை ஏமாற்றுவதற்கும் ஒருவனுடைய அன்பைக் கொண்டே அவனைக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இராமகாதையில் மாரீசன் பொன்மானாய் ஓடியதைக் காட்டிலும், இறக்கும் தறுவாயில் இராமன் குரலில் அலறியதே கொடிதாக நமக்குத் தோன்றுவதன் காரணமும் இதுவாகலாம். மான் சீதையின் ஆசையைத் தூண்டிற்று. குரலோ அவளுடைய அன்பைத் தாக்கிற்று.

இங்கு ஒரு தடை எழும். இறப்பது எவ்வாறாயினும் இறப்பே. செருக்கினால் வந்த சேவலுக்குச் சாவு இனிக்குமா? வேடன் தன் மனச்சான்றுக்குப் பூசும் சுண்ணாம்பன்றோ இவ்வேறுபாடு? இத்தடையை நான் எளிதிற் புறந்தள்ளத் துணியேன். வள்ளுவர் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனை ‘கூடாவொழுக்கம்’ என்னும் அதிகாரத்திற் கொண்டுவந்து, தவவேடத்தில் மறைந்து தீயவை செய்வோனுக்கு உவமையாக்கினார். பறவைக்கு இரங்கியன்று, போலித்துறவியை இகழவே அவர் அவ்வுவமையை எடுத்தார் என்பது உண்மை. ஆயினும் பொய்வாழ்வுக்கு ஓர் உருவம் தேடியபோது அவர் கண்முன் நின்றவன் வேடன் என்பது கருதத்தக்கது. வாய்மையைப் பிறிதோர் உயிர்க்குத் தீங்கு பயவாத சொல்லென்று வரையறுத்தவரும் அவரே. அவ்வரையறைப்படி நோக்கின், கேட்பது மனிதனா பறவையா என்னும் வினாவுக்கே இடமில்லை. தீங்கு பயக்கும் குரல் பொய்க்குரலே. மேலைநாட்டுக் கான்ற்று வேறு நெறி சென்றார். பகுத்தறிவுடைய உயிர்கள் மீதே நமக்கு நேரடிக் கடமை உண்டு. விலங்குகளை வதைப்பது மனிதரிடத்தும் நம்மைக் கொடியவராக்கும் என்பதனாலேயே தவிர்க்கத்தக்கது என்பது அவர் கொள்கை. அவர் நெறியிற் பறவைக்குப் பொய் சொல்ல இயலாது. இவ்விருவருள் வள்ளுவரின் அளவுகோலே பொருந்துவதாக எனக்குப் படுகின்றது. ஏனெனில் பறவையின் அழைப்பு வெற்றொலியன்று. அது ஓர் இனம் தனக்குள் கொண்டுள்ள நம்பிக்கை. குஞ்சு அலறினால் தாய் வரும் என்னும் அந்த ஒழுங்கின்மேலேயே அவ்வினம் நிலைத்திருக்கின்றது.

இயற்கையிலும் பொய்க்குரல் உண்டு என்று கூறலாம். ஆபிரிக்கக் கரிச்சான் பிற உயிர்களின் அபாய ஒலியைப் போலியாக எழுப்பி, அவை அஞ்சி ஓடியபின் விட்டுச்சென்ற இரையைக் கவர்வதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். எமது காடுகளின் துடுப்புவாற் கரிச்சானும் பல பறவைகளின் குரலில் வல்லது. ஆயின் கரிச்சான், இன்ன குரலை நான் எழுப்பேன் என்று விலக்கி வைப்பதில்லை. என் அம்மப்பா விலக்கி வைத்தார். அவ்விலக்கலில்தான் அறம் பற்றிய பேச்சே தொடங்குகின்றது.

பிடித்த பறவையையே அழைப்பாளனாக்கும் முறை இவை அனைத்தினும் பழையது. பார்வை விலங்கு என்பது அதற்குச் சான்றோர் வழங்கிய பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பின் விளாமரத்தடியில் பார்வை மான் கட்டப்பட்டுள்ளது. புறநானூற்றின் 320ஆம் பாட்டில் வீரை வெளியனார் காட்டும் காட்சியோ நெஞ்சைவிட்டு அகலாதது. வேட்டுவன் முற்றத்து நிழலில் ஆழ்ந்து உறங்குகின்றான். அவன் கட்டிய பார்வைப் பிணையிடம் காட்டுக் கலைமான் ஒன்று வந்து கூடி விளையாடுகின்றது. பொறி பலித்துவிட்டது, கணவனை எழுப்பவேண்டியதே மனையாள் செய்யத்தக்கது. அவளோ கணவன் எழுந்துவிடுவான் என்றும் அஞ்சுகின்றாள்; கலை பிணையை விட்டு நீங்கிவிடும் என்றும் அஞ்சுகின்றாள். அசையாது நிற்கின்றாள். மான்தோலிற் பரப்பிய தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து தின்கின்றன. இதனைக் கொல்லாமை போதிக்கும் பாட்டென்று கொள்வது தவறு. அதே பாட்டு பாணனை இறைச்சி உண்டு தங்கிச் செல்லுமாறு அழைக்கின்றது. இறைச்சி உண்ணும் குடியிலும் அழைப்பினால் வந்த விலங்கு வேறு வகையது என்னும் உணர்வு இருந்தது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

சட்டங்களும் அழைப்புகளைத் தரம் பிரித்துள்ளன. ஐக்கிய அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டையில் உயிருள்ள பார்வைப் பறவைகளை 1935இல் தடைசெய்தது. 1979ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பறவைகள் பணிப்புரை, கண் குருடாக்கப்பட்ட அல்லது ஊனமாக்கப்பட்ட பறவைகளை அழைப்புக்கு வைத்தலையும் ஒலிப்பதிவுக் கருவியையும் விலக்கப்பட்ட முறைகளின் பட்டியலில் ஒருங்கே சேர்த்தது. தமிழகத்து நரிக்குறவர் குரல்போலியால் கௌதாரியும் காடையும் பிடித்த தொழிலை, இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முடக்கியது. இலங்கையின் அடிப்படைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். சட்டம் பெரும்பாலும் தொகையையே எண்ணுகின்றது; எக்கருவி மிகுதியாகக் கொல்லும் என்பதே அதன் கணக்கு. ஒலிப்பதிவு ஏன் தீது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டென்பேன். வாயால் அழைப்பவன் காட்டில் ஆண்டுக்கணக்காகக் கேட்டிருக்க வேண்டும். தவறினால் பறவை அறிந்துவிடும். மூச்சு முடிந்தால் அழைப்பும் முடியும். பொத்தானுக்கு மூச்சில்லை.

எமது பக்கத்துக் காடுகளில் இன்று நிகழும் களவு வேட்டைக்கு அழைப்பே தேவையில்லை. கட்டுத்துவக்கும், யானைக் கன்றுகளின் வாயையும் சிதைக்கின்ற, வெடி பொதித்த இரையும் எவரையும் அழைப்பதில்லை. வருவது பன்றியா யானையா என்று பார்ப்பதுமில்லை. இவற்றின் அருகே வைத்து நோக்கும்போது பொய்க்குரல் எழுப்பியவன்கூட, தான் கொல்லும் உயிரை அறிந்தவனாகத் தோன்றுகின்றான். இஃது அவனுக்குப் புகழாகாது.

இவ்வினாவை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அம்மப்பாவின் வேட்டையன்று, என்னுடையது. சென்ற மார்கழி விடுமுறையில் அவருடைய வளவில் ஆறுமணிக்குருவி ஒன்று வந்து தங்கியிருந்தது. இமயத்தின் அடிவாரக் காடுகளிலிருந்து வந்து, குளிர்காலத்தை நம் நாட்டிற் கழித்து மீளும் சிறு பறவை அது. சருகினிடையே மறைந்து திரியும் அதனைப் படமெடுக்க இயலவில்லை. கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டேன். உடனே வந்தது. மறைந்தது. மீண்டும் ஒலிக்கவிட்டேன், மீண்டும் வந்தது. அரைமணி நேரத்தில் எத்தனை முறை அழைத்தேன் என்று எண்ணவில்லை. இறுதியில் அது இரை தேடுவதை விட்டு, கைபேசி வைத்த கல்லைச் சுற்றிச் சுற்றி வாலை அசைத்துக் கூவிக்கொண்டிருந்தது. அழகிய படம் கிடைத்தது.

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மப்பா, “புடிக்கப் போறியா மனே?” என்று கேட்டார். இல்லை என்றேன். “மறுகா ஏன் கூப்பிட்டாய்?”

அவர் அழைத்தது பசிக்கு. நான் அழைத்தது படத்துக்கு. நான் கொல்லவில்லை என்பது என் பக்கத்து வாதம். அவரோ ஒருமுறை அழைத்தால் ஒரு பறவையோடு முடித்துக்கொண்டார். அழைத்துவிட்டுச் சும்மா அனுப்பியதில்லை. ஆய்வாளர் கணக்கெடுப்புக்காக ஒலிபரப்பி அழைப்பதுண்டு. அறிவுக்காக என்று அதற்கு நியாயம் கூறலாம். எனக்கு அந்த நியாயமும் இல்லை. அப்பறவையின் எல்லைக் காவலை, அதன் செருக்கை, நான் ஒரு விளையாட்டுப் பொருளாக்கினேன். அம்மப்பா தமக்கு உகந்ததாகத் தேர்ந்த அதே அழைப்பை நானும் அறியாமலே தேர்ந்திருந்தேன். ஆனால் அவர் விலக்கி வைத்தது போல் நான் எதனையும் விலக்கி வைத்தவனல்லன்.

அப்படத்தைக் கண்ட நண்பர்கள் பறவையின் நிறத்தை வியந்தனர். அதன் கழுத்து நீண்டு, கண் படத்துக்கு வெளியே எதையோ தேடுகின்றது. எதனைப் பார்க்கின்றது என்று ஒருவர் கேட்டார். இன்னொரு குருவியை என்று சொல்லிவிட்டேன். அந்த ஒலிப்பதிவு இன்னமும் என் கைபேசியில் உள்ளது.