கல்லங்குறிச்சியில் கேட்கும் பக்தி

கடவுளிடம் தொலைந்த மாட்டைத் திருப்பித் தரும்படி வேண்டுவதும், மழை பெய்யவும் கடன் அடையவும் பிள்ளையின் காய்ச்சல் தணியவும் நேர்ந்துகொள்வதும் உண்மையான வழிபாடு ஆகுமா, அல்லது கடவுளின் பெயரால் நடக்கும் கொடுக்கல் வாங்கலா என்னும் கேள்வி இந்தியச் சமயச் சிந்தனையில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. நூலோர் பலர் இவ்வகை வேண்டுதலை அறியாதவரின் பக்தி என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். பலன் கருதாத பக்தியே உயர்ந்தது என்ற முடிவைச் சொன்னபின், பலன் கருதி வருகிற பெருங்கூட்டத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேறெதுவும் இருப்பதில்லை. அந்தக் கூட்டத்தின் பக்கம் நின்று இக்கேள்வியை ஆராய்வதற்கு அரியலூர் நகரை அடுத்த கல்லங்குறிச்சியைப் போலப் பொருத்தமான இடம் அரிது.

இவ்வூரிலுள்ள கலியுக வரதராசப் பெருமாள் கோயிலின் மூலத்தானத்தில் சங்கும் சக்கரமும் ஏந்திய திருமேனி இல்லை. அங்கே நிற்பது ஒரு நெடிய கற்கம்பம். அதன் அடிப்பகுதியில் ஆஞ்சநேயரின் புடைப்புருவம் உள்ளது. அந்தக் கம்பத்தையே மக்கள் பெருமாள் என்று வணங்குகின்றனர். தலவரலாறு சொல்பவருக்குச் சொல்பவர் சிறிது வேறுபட்டாலும் அதன் உட்பொருள் ஒன்றுதான். மங்கான் படையாட்சி என்னும் மந்தைக்காரரின் சினைப்பசு ஒன்று மேய்ச்சலிலிருந்து திரும்பவில்லை. அவர் மூன்று நாள் காடுமேடெல்லாம் தேடினார். பின்னர்க் கனவில் கிடைத்த குறிப்பின்படி சென்றபோது, புதருக்கிடையே கிடந்த ஒரு கற்கம்பத்தின் அருகே பசு கன்றுடன் நிற்பதையும், அதன் பால் கல்லின் மேல் வழிந்திருப்பதையும் கண்டார். கம்பத்தை நிறுத்தி வழிபடும்படி மீண்டும் கனவில் கட்டளை வர, அவ்வாறே செய்தார் என்பது மரபு. இதே மாவட்டத்தில் முதலாம் இராசேந்திர சோழன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் ஒரு பேரரசின் வெற்றியிலிருந்து பிறந்த கோயில் என்றால், கல்லங்குறிச்சிக் கோயில் ஒரு குடியானவரின் இழப்பிலிருந்து பிறந்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும், இராமநவமியை ஒட்டி நடக்கும் பெருவிழாவிலும் இங்கே கூடுவோர் பெரும்பாலும் வானம் பார்த்த நிலத்தையும் கறவை மாட்டையும் நம்பி வாழ்பவர்கள்.

அவர்கள் கொண்டுவருவதைப் பார்த்தாலே அவர்கள் கேட்டது என்ன என்பது விளங்கிவிடும். அறுவடை முடிந்தபின் விளைச்சலின் ஒரு பகுதி தானியமாகவே கோயிலுக்கு வந்து சேர்கிறது, ஆடுமாடுகளும் காணிக்கையாகின்றன. இந்தப் பகுதிக் கிராமங்களில் நேர்த்திக்கடன் தொடங்கும் விதம் மிக எளியது. வேறு வழி தெரியாத நேரத்தில் வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, 'வரதராசா, மாடு பொழச்சு எழுந்தா மொதக் கன்னு உனக்கு' என்பதுபோல் ஒரு சொல் சொல்லிச் சாமிப் படத்தின் அடியில் வைக்கிறாள். சாட்சி இல்லை, எழுத்து இல்லை. கன்று பிறந்து, வளர்ந்து, நல்ல விலைக்குக் கேட்டு ஆள் வந்து நிற்கும்போதும் 'அது சாமி மாடு' என்ற ஒரே விடைதான் கிடைக்கும். வேண்டுதலை வணிகம் என்று சொல்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. தண்டல்காரர் இல்லாத கடனை, தன் நெருக்கடி தீர்ந்து எதிர்ப்பக்கத்திலிருந்து பெற வேண்டியது எதுவும் மிஞ்சாத நிலையில், வறிய வீடு ஒன்று தவறாமல் அடைக்கிறது.

சாத்திர மரபு இவ்வகைச் செயலுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. வேதச் சடங்குகளின் பொருளை ஆராயும் மீமாஞ்சை, கடமைகளை நித்தியம், நைமித்திகம், காமியம் என்று வகுக்கிறது. நாள்தோறும் செய்ய வேண்டியது நித்தியம், ஒரு நிகழ்வை ஒட்டிச் செய்ய வேண்டியது நைமித்திகம், ஒரு பலனை விரும்பிச் செய்வது காமியம். வைணவ ஆசாரியர்கள் இன்னும் கடுமையாக, இறைவனுக்குச் செய்யும் தொண்டைத் தவிர அவனிடம் வேறொரு பயனைக் கேட்பதைப் பிரயோஜனாந்தரம், அதாவது 'வேறு பயன்', என்று சொல்லி, அது உயிரின் இயல்புக்குப் பொருந்தாது என்றனர். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் மங்கான் படையாட்சி மிகத் தாழ்ந்த படியில்தான் நிற்பார். அவர் தேடியது கடவுளை அன்று, பசுவை.

ஆனால் அந்த மரபின் உள்ளேயே வேறொரு குரலும் இருக்கிறது. அது ஓரத்தில் ஒலிக்கும் குரலன்று, இராமாநுசரின் குரல். பகவத்கீதையின் ஏழாம் அத்தியாயம் கடவுளை நாடி வருவோரை நால்வகையாகப் பிரிக்கிறது. துயருற்றவன், பொருள் வேண்டுபவன், அறிய விரும்புபவன், ஞானி என்பது அந்த வகுப்பு. துயருற்றவன் என்பதற்குத் தம் கீதை உரையில் இராமாநுசர் தரும் விளக்கம், தனக்கிருந்த நிலையையும் செல்வத்தையும் இழந்து அதை மீண்டும் பெற விரும்புபவன் என்பது. பசுவைத் தொலைத்த மந்தைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் அமையாது. அடுத்து, இந்நால்வரும் வள்ளன்மை உடையவர்கள் என்று கீதை சொல்லும்போது, கேட்க வந்தவன் எப்படி வள்ளல் ஆவான் என்ற ஐயம் எழுகிறது. இராமாநுசரின் விடை வியப்பூட்டுவது. தன்னிடமிருந்து எதையேனும் ஒன்றைப் பெற்றுக்கொள்கிறவர் தனக்கு எல்லாவற்றையும் கொடுத்தவர் ஆகிறார் என்று கண்ணன் கருதுவதாக அவர் உரை செய்கிறார். கொடுக்கும் இயல்புடைய ஒருவனுக்கு, வாங்கிக்கொள்ள ஆள் வருவதே பெரும்பேறு என்பது இதன் கருத்து. கீதையில் கண்ணன் ஞானியையே தன் உயிர் என்று தனித்துப் போற்றுகிறான் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் போற்றுதலுக்காக மற்ற மூவரையும் கீதை வாயிலுக்கு வெளியே நிறுத்தவில்லை. பிற்கால விளக்கங்களில் மங்கிப்போனது இந்த ஈரம்தான்.

தமிழ் மரபில் இதற்கு நிகரான சான்று ஆண்டாளின் திருப்பாவை. அதன் மூன்றாம் பாசுரத்தில் நோன்பிருக்கும் ஆயர் பெண்கள் கேட்பது மாதம் மும்மாரி மழையும், தீங்கில்லாத நாடும், செழித்த நெல்வயலும், குடம் நிறையப் பால் சொரியும் பசுக்களும். ஒரு வேளாண் ஊரின் அன்றாடக் கவலைகளை இதைவிட முழுமையாகப் பட்டியலிட முடியாது. இருபத்தொன்பதாம் பாசுரத்தில், தொண்டைத் தவிர மற்ற ஆசைகளை மாற்றிவிடும்படி அதே பெண்கள் வேண்டுகின்றனர். உரையாசிரியர்கள் பின்னதைக் கொண்டு முன்னதைச் சரிசெய்ய முயன்றனர். மழை வேண்டுதல் வெறும் சாக்கு, உண்மை வேண்டுகோள் தொண்டே என்றனர். நூலின் அமைப்பைக் கூர்ந்து நோக்குவோருக்கு அவ்விளக்கம் முழு நிறைவு தருவதில்லை. மழையைக் கேட்ட வாய்தான் இறுதியில் தொண்டையும் கேட்டது. முதலில் வாய் திறக்காதவர்கள் முப்பதாம் பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். இடையில், இருபத்தெட்டாம் பாசுரத்தில், தாங்கள் மாடுகளின் பின்னே காட்டுக்குப் போய் உண்ணுகிற, அறிவு ஒன்றும் இல்லாத ஆயர்குலத்தார் என்று அவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்வதும் கருதத்தக்கது. தகுதி இல்லை என்று ஒப்புக்கொள்வதையே சரணாகதி நெறி, அதாவது இறைவனையே முழுப் புகலாகக் கொள்ளும் நெறி, முதல் தகுதியாக ஏற்றது. கல்லங்குறிச்சித் தலவரலாற்றில் வேதம் கற்றவர் யாரும் முதலில் வரவில்லை என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே மறுப்பொன்று எழும். நட்ட கல்லைத் தெய்வமென்று சுற்றுவதைச் சித்தர் சிவவாக்கியர் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கினார். 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் அக்கேள்வியைச் சமூக நீதியின் மொழியில் மீண்டும் எழுப்பியது. பெருமாளின் உருவம்கூட இல்லாத கம்பத்தை நோக்கி அக்கேள்வி இன்னும் கூர்மையாகவே வருகிறது. வைணவம் இதற்குத் தரும் விடை அர்ச்சை என்னும் கோட்பாடு. பரம்பொருளுக்குப் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்று ஐந்து நிலைகள் உண்டென்றும், அவற்றுள் அர்ச்சை என்பது அடியார் விரும்பித் தரும் பொருளில் இறைவன் வந்து தங்குவது என்றும் அது கூறுகிறது. ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை உலகாசிரியர், அந்தர்யாமியை நிலத்தடி நீராகவும், அவதாரங்களைப் பெருக்கெடுத்து ஓடிவிட்ட ஆறாகவும், அர்ச்சையை அந்த ஆற்றின் மடுக்களில் தேங்கிய நீராகவும் உவமித்தார். வெள்ளம் வடிந்ததும் மணலாகிவிடும் மருதையாற்றின் கரைநாட்டில் வாழ்பவர்களுக்கு இந்த உவமைக்கு உரை தேவையில்லை. தாகம் எடுத்தவனுக்கு எட்டும் நீர் மடு நீர்தான்.

கல்லைப் பற்றிப் பேசும்போது, கல்லங்குறிச்சி என்ற பெயர் உலகெங்கும் நிலவியலாளர் அறிந்த பெயர் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. இவ்வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறையடுக்கு ஒன்று 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்றே நூல்களில் வழங்குகிறது. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிட்டேசியக் காலத்தின் இறுதியில், இங்கே கடல் இருந்தபோது படிந்த சிப்பிகள் அதில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அதே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. ஆக இந்த ஊர்ப்புறத்தில் கல் தெய்வமாகவும், அறிவியலின் ஏடாகவும், டன் கணக்கில் விலைபோகும் சரக்காகவும் ஒரே காலத்தில் இருக்கிறது. உலகனைத்தும் இறைவனின் உடல் என்பது இராமாநுசரின் விசிட்டாத்துவைதக் கொள்கையின் அடிப்படை. அதன்படி இம்மூன்று கல்லுக்கும் இயல்பில் வேறுபாடு இல்லை. ஒரு கல்லின் முன் மனிதன் தன் குறையைச் சொல்லத் தொடங்கியதும், அதன் பொருட்டு ஒன்றை விட்டுக்கொடுக்க இசைந்ததும்தான் வேறுபாட்டைக் கொண்டுவந்தன.

கேட்கும் பக்தியின் உண்மையான சோதனை, கேட்டது கிடைக்காதபோது வருகிறது. வணிகனாக இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். ஆனால் கடலைச் செடி பூத்து விழுது இறங்கும் நேரத்தில் மழை பொய்த்து முதல் முழுவதும் போன ஆண்டிலும் புரட்டாசிச் சனிக்கிழமையில் கூட்டம் குறைந்துவிடுவதில்லை. சிலர் வாய்த்தகராறு செய்துவிட்டே கும்பிடுகிறார்கள். 'உனக்குக் கண்ணில்லையா' என்று சன்னிதியில் கேட்பது இந்நாட்டு வழக்கில் இறைமறுப்பு ஆகாது, உறவின் உரிமை. கொள்ளிடக் கரையில் வீரமாமுனிவரின் பெயரோடு இணைந்த ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்திலும் மக்கள் இதே உரிமையோடுதான் வேண்டிக்கொள்கின்றனர். சமயம் மாறினாலும் கேட்கும் முறை மாறவில்லை.

எனினும் கேட்பதெல்லாம் சரி என்று கொள்வதற்கில்லை. பங்காளியின் வழக்கு தோற்க வேண்டும், அடுத்தவன் கிணறு வற்ற வேண்டும் என்ற வேண்டுதலும் மனித நெஞ்சில் எழுகிறது. திருப்பாவையின் மூன்றாம் பாசுரம் இங்கே ஓர் எல்லையை வரைகிறது: அப்பெண்கள் மழையைத் தம் வயலுக்கு மட்டும் கேட்கவில்லை, நாடு முழுவதற்கும் கேட்டனர். மழை பொய்த்த ஆண்டில் வீட்டுக்கு வீடு அரிசியும் கேழ்வரகும் தண்டிப் பொதுவில் கஞ்சி காய்ச்சி ஊற்றும் தமிழ்நாட்டுக் கிராம வழக்கமும் அதே எண்ணத்தில் பிறந்ததே.

இன்றைய கவலைகளோ ஒரு வீட்டின் மஞ்சள் துணிக்குள் அடங்குவனவாக இல்லை. சுரங்கங்களை ஒட்டிய நிலங்களில் கிணற்று நீர் கீழிறங்குவது, லாரிகள் கிளப்பும் புழுதி பயிரின் மேல் படிவது, கல் எடுத்து முடித்த பள்ளங்கள் மூடப்படாமல் கிடப்பது ஆகியவற்றைப் பற்றி அரியலூர் மாவட்டத்து மக்கள் நெடுநாளாகக் குறை கூறிவருகின்றனர். சனிக்கிழமை பெருமாள் முன் நின்றவர், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நிற்கிறார். இதைக் கண்டு, சாமியை முழுதாக நம்பியவனுக்கு மனு எதற்கு என்று ஆத்திகரும், மனு எழுதத் தெரிந்தவனுக்குச் சாமி எதற்கு என்று நாத்திகரும் கேட்கக்கூடும். தலவரலாறு இரண்டு கேள்விகளையும் ஏற்பதில்லை. மங்கான் படையாட்சி முதல் நாளே கனவு காணவில்லை. மூன்று நாள் முள்ளிலும் வெயிலிலும் நடந்து தேடிய பிறகே கனவு வந்தது, கனவு வந்த பிறகும் பசு வீட்டு வாசலுக்கு வரவில்லை, அவர்தான் எழுந்து போனார். சரணாகதி பற்றி வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக் கணக்கில் நடத்திய வாதத்தில், உயிரின் முயற்சிக்கு இடம் எவ்வளவு என்பதே மையம். அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், குடியானவர் ஒருவர் தம் ஊர்க் கிணற்றுக்காகச் சன்னிதியிலும் அலுவலகத்திலும் ஒரே சொற்களில் முறையிடுவதை இறைநம்பிக்கைக் குறைவு என்று சொல்ல இடமில்லை.