கோடை வகுப்பும் பலன் துறத்தலும்

டெல்லிப் பள்ளிகள் மே மாத நடுவில் மூடப்பட்டு ஜூன் முடியும்வரை திறக்கப்படாமல் இருப்பதற்குக் காரணம் கல்விக் கொள்கை அன்று, வெயிலே. வெப்பம் 45 டிகிரியைத் தொட்டு, 'லூ' எனப்படும் அனற்காற்று வீசும் நாட்களில் சிறு குழந்தைகளை வெளியே அனுப்ப எவரும் துணிவதில்லை. டெல்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அவ்வாரங்கள் ரயிலேறித் தாத்தா பாட்டி வீடு செல்லும் காலமாக இருந்தன. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் இன்று அந்த இடைவெளியை நிரப்புபவற்றுள் மூன்று முதல் ஆறு வயதினருக்கான மாண்டிசோரி கோடை வகுப்பும் ஒன்று. குழந்தையின் வேலை என்பது தன்னையே ஒரு மனிதனாகக் கட்டி எழுப்பும் வேலை என்றும், அது ஒரு நாளும் ஓய்வதில்லை என்றும் அக்கல்வி முறையை வகுத்த மரியா மாண்டிசோரி கருதியிருக்க, விடுமுறைக்கென்று அம்முறையில் தனியே ஒரு வகுப்பு நடத்துவதன் பொருள் என்ன என்ற கேள்வி இங்கு எழுகிறது.

மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழ்மையான குடியிருப்பில் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். அங்கு ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தி மீண்டும் எடுக்கும் செயலை, அமர்ந்திருந்த நாற்காலியோடு தன்னைத் தூக்கி மேசைமேல் வைத்தபோதும், சுற்றிலும் மற்ற குழந்தைகள் பாடியபோதும் நிறுத்தாமல் நாற்பது முறைக்குமேல் செய்ததையும், பின்னர் யாரும் சொல்லாமலே, களைப்பின் சுவடின்றி, தானாக நிறுத்தியதையும் அவர் பதிவு செய்துள்ளார். வயது வந்தோரின் வேலை பொருளையோ கூலியையோ நோக்கியது என்றும், குழந்தையின் வேலை செய்வதிலேயே நிறைவடைவது என்றும் அவர் வகுத்த வேறுபாட்டுக்கு இத்தகைய காட்சிகளே அடிப்படை.

இதைக் கேட்டவுடன் இந்திய வாசகருக்குக் கீதையின் நிஷ்காம கர்மம், அதாவது பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்தல், நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் இந்த ஒப்புமை சற்று அவசரமானது. அர்ஜுனனுக்குப் பற்றும் அச்சமும் உறவும் இருந்தன. இருப்பதைத்தான் துறக்க முடியும். பலன் என்ற ஒன்று செயலுக்கு வெளியே உண்டு என்பதையே இன்னும் அறியாத குழந்தை எதையும் துறக்கவில்லை. அதன் செயல் பலனற்றதும் அன்று. செய்து செய்து உருவாகும் அக்குழந்தையே அச்செயலின் பலன்.

மாண்டிசோரிக்கு இந்தியாவுடன் நேரடித் தொடர்பும் இருந்தது. கத்தோலிக்கரான அவர், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் 1939இல் அடையாறு வந்து, ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பகைநாட்டவர் என்ற கணக்கில் மரியோ காவலில் வைக்கப்பட்டு, தாயின் எழுபதாம் பிறந்த நாளான ஆகஸ்ட் 31 அன்று விடுவிக்கப்பட்டார். சமவெளியின் வெப்பத்திலிருந்து விலகி, 1942 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் கோடைக்கானலில் தங்கியபோது, பல வயதுக் குழந்தைகள் கலந்த ஒரு சிறு குழுவோடு, இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்னவின் துணையுடன் மாண்டிசோரி செய்த பணியில்தான் 'பிரபஞ்சக் கல்வி', அதாவது பாறை, செடி, பூச்சி, மனிதன் அனைத்தும் ஒரே முழுமையில் தத்தமக்குரிய பணியைச் செய்கின்றன என்பதை உணர்த்தும் கல்வி, விரிவடைந்தது. வெயிலுக்கு அஞ்சி மலையேறியதும் போர்க்காலக் கட்டுப்பாடும் சேர்ந்து அக்குழுவுக்கு அளித்த அவசரமற்ற காலம், எந்தப் பள்ளியின் கால அட்டவணையும் தந்திராதது.

இன்றைய ஆறு வாரக் கோடை வகுப்பின் சிக்கல் அது குறுகியது என்பதில் மட்டும் இல்லை. மூன்று ஆண்டு வயதுக் கலப்பையும், இடையீடற்ற மூன்று மணி நேர வேலையையும் எதிர்பார்க்கும் முறைக்கு ஆறு வாரம் போதாது என்பது உண்மையே. ஆனால் கடைசி நாள் மேடை நிகழ்ச்சியும், சான்றிதழும், பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றாடம் அனுப்பப்படும் படமும் குழந்தையின் செயலுக்கு வெளியே ஒரு பலனை நிறுவிவிடுகின்றன என்பதே கூடுதலாகக் கவனிக்கத் தக்கது. குழந்தைக்குப் பொருந்தாத பலன் துறத்தல் என்னும் கருத்து ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் முழுமையாகப் பொருந்துகிறது. ஆசிரியருக்குப் பாடத்திறனைவிட அகத் தூய்மையே முதல் தகுதி என்றும், கோபத்தையும் கர்வத்தையும் அவர் தம்முள் கண்டு களைய வேண்டும் என்றும் மாண்டிசோரி வலியுறுத்தியது, கற்பித்தல் நுட்பம் என்பதைவிடச் ஆன்மிகச் சாதனை நெறியின் மொழிக்கே நெருக்கமானது.

ஒரு சிறு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் பயிற்சியில், சிந்தியதைப் பஞ்சால் ஒற்றி எடுப்பதும் பயிற்சியே. கோடையில் டேங்கர் லாரிக்குக் குடங்களோடு வரிசை நிற்கும் நகரத்தில், மேசையில் தண்ணீர் வழியும் அந்தக் கணத்தில் ஆசிரியரின் கை ஜாடியைப் பிடுங்கவும் நீளலாம், கைப்பேசியை எடுக்கவும் நீளலாம். இரண்டையும் செய்யாமல் அவர் தம் இடத்திலேயே அமர்ந்திருந்தால், குழந்தை பஞ்சைத் தானே தேடி எடுக்கும்.