விழும்போது கவ்வும் மீன்

டெக்சாஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் இடையே ரெட் ஆற்றை மறித்துக் கட்டிய டெனிசன் அணையால் உண்டானது டெக்ஸோமா ஏரி. அந்தப் பக்கத்தில் ஒயிட் பாஸ் மீனைச் ‘சாண்ட் பாஸ்’ என்பார்கள். ஓக்லஹோமாவின் மாநில மீன் அதுதான். எடை பெரும்பாலும் ஒன்றிரண்டு பவுண்டுதான். ஆனால் கூட்டமாகத் திரிந்து கூட்டமாகவே வேட்டையாடும். கூட்டம் தூண்டிலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் கை ஓயாது. நகர்ந்துவிட்டாலோ ஏரியில் மீனே இல்லையோ என்று தோன்றும். இதைத் தேடிப் போகிறவர்களின் பெட்டியில் ஈயம் வைத்த ஸ்பின்னர் என்னும் போலி இரை நாலைந்தாவது கிடக்கும்.

ஏன் ஸ்பின்னர்? பாஸ் எதைத் தின்கிறது என்று பார்த்தால் புரியும். ஷேட் என்னும் வெள்ளி நிறச் சிறுமீன்தான் அதன் முக்கிய இரை. நம் மத்திக்கு உறவு. திரும்பும்போதெல்லாம் அதன் வயிறு பளிச்சிடும். பாஸ் கூட்டம் தாக்கும்போது அடிபட்ட ஷேட் நீந்த முடியாமல் துடித்துக்கொண்டே கீழே இறங்கும். அடியில் நிற்கும் பாஸுக்குத் துரத்தாமல் கிடைக்கும் சாப்பாடு அது. ஸ்பின்னரின் உலோகத் தகடு சுழலும்போது பளபளப்பு மட்டும் வருவதில்லை, துடிப்பும் வருகிறது. மீனின் இரு விலாவிலும் ஓடும் பக்கக்கோடு அந்தத் துடிப்பை வாங்கிக்கொள்ளும். கலங்கிய தண்ணீரில்கூட மீன் தேடி வருவது அதனால்தான்.

கடையில் தொங்கும் ஸ்பின்னர்களில் இரண்டு குடும்பங்களை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரான்சில் பிறந்த மெப்ஸ் போன்றவற்றில் மெல்லிய கம்பியின் முன்பக்கம் தகடும், அதற்குப் பின்னால் எடையும், கடைசியில் முள்ளும் இருக்கும். இழுத்தால்தான் அந்தத் தகடு ஒழுங்காகச் சுழலும். தானாக விழும்போது பெரும்பாலும் தடுமாறும். டெயில் ஸ்பின்னர் இதற்கு நேர்மாறு. சிறு மீன் போல வார்த்த ஈய உடம்பு முன்னால், தகடு வாலில். அலபாமாவின் டாம் மேன் செய்த ‘லிட்டில் ஜார்ஜ்’ இந்த வகையில் பெயர்பெற்றது. ஈயம் கீழே இறங்க இறங்க வால் தகடு சுழன்றுகொண்டே போகும். அடிபட்ட ஷேட் இறங்குவதும் ஏறக்குறைய அப்படித்தான். ஏரியின் ஆழத்துக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

இனி எடை. ஈயம் தூரமாக வீசுவதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பாதிக் கணக்குதான். சுழலும் தகடு ஓரளவு பட்டம் போல வேலை செய்கிறது: ரீலை வேகமாகச் சுற்றினால் ஸ்பின்னரை மேலே தூக்கும், மெதுவாகச் சுற்றினால் ஈயம் கீழே இழுக்கும். மீன் நிற்கும் ஆழத்திலேயே ஸ்பின்னரை ஓட்டிவர இந்த இரண்டையும் சமன்படுத்த வேண்டும். எடை குறைந்தால், ஆழத்தில் நிறுத்த ஆமை வேகத்தில் சுற்ற வேண்டியிருக்கும், தகடு சுழலாது. எடை கூடினால், தரை தட்டாமலிருக்க ஓட்டமாய்ச் சுற்ற வேண்டும். குளிரில் மந்தமாகிவிட்ட மீன் அத்தனை வேகத்துக்கு வராது.

வசந்தத்தில் தண்ணீர் 12, 13 டிகிரி செல்சியஸைத் தொடும்போது பாஸ் முட்டையிட ஆறுகளில் ஏறும். ஆண் மீன்கள் முந்திவரும். இடுப்பளவு, மார்பளவு ஓடும் நீரில் 3.5 கிராமிலிருந்து 7 கிராம் வரை போதும். அதற்கு மேல் போனால் கல்லிடுக்கில் சிக்கும். கோடையில் ஏரிக்கு 14 கிராம். காற்றடிக்கும் நாளில், பத்து மீட்டர் ஆழத்தில் என்றால் 21 கிராம். தகட்டைப் பொறுத்தவரை, வட்டமான கொலராடோ தண்ணீரை அகலமாக அடித்து மெதுவாகச் சுழலும். கலங்கலுக்கும் குளிருக்கும் நல்லது. வில்லோ தகடு ஒடுங்கிய இலை போன்றது. தூக்குவது குறைவு, வேகத்துக்கு ஏற்றது.

வீசியதும் தூண்டில் நரம்பைத் தளர விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பன்னிரண்டில் தரை தட்டினால், அடுத்த முறை பத்தில் சுற்றத் தொடங்குங்கள். ராடின் நுனியைச் சற்றுத் தூக்கி மறுபடி விழவிடும்போது நரம்பு முழுக்கத் தொய்ந்துவிடக் கூடாது. பெரும்பாலான கடிகள் அந்த வீழ்ச்சியில்தான் வரும். கைக்கு ‘டக்’கென்று கூடத் தெரியாது. இறங்கிக்கொண்டிருந்த நரம்பு திடீரென்று நிற்கும், அல்லது பக்கவாட்டில் நகரும். உடனே ராடைச் சுண்ட வேண்டும்.

டெயில் ஸ்பின்னருக்கு ஒரு குறை உண்டு. காற்றில் கரணமடித்து அதன் முள் நரம்பிலேயே மாட்டிக்கொள்ளும். தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் விரலால் நரம்பை லேசாகத் தடுத்தால் அது நேராகி விழும். கனமான ஈயம் இன்னொரு வம்பும் செய்யும்: மீன் துள்ளித் தலையை உதறினால் அந்தக் கனமே முள்ளைக் கழற்றிவிடும். அதனால் மீன் மாட்டியதும் ராடைத் தாழ்த்திப் பிடித்துத் துள்ளவிடாமல் இழுக்க வேண்டும்.

கோடைக் காலையில் நீர்ப்பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டு, கீழே தண்ணீர் கொதிப்பது போலத் தெரிந்தால் அங்கே ஷேட்டைப் பாஸ் மேலே விரட்டியிருக்கிறது. நடுவில் வீசாதீர்கள், கூட்டம் மிரண்டு உள்ளே போய்விடும். கூட்டத்தைத் தாண்டி வீசி, ஐந்தாறு எண்ணும்வரை இறங்கவிட்டு, அந்தக் கொதிப்புக்கு அடியில் ஓட்டி வாருங்கள். மேலே துள்ளுபவற்றைவிடப் பெரியவை பெரும்பாலும் அங்கேதான், மிச்சம் விழும் என்று காத்துக்கொண்டு நிற்கும்.