எழுதாத கடன்

1993-ஆம் வருஷம் வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது. பனிக்கட்டி மேல் சறுக்கி ஆடும் ஹாக்கி அது. முதலில் அலெக்ஸாந்த்ர் டேக். அடுத்தவர் கிறிஸ் பிராங்கர். இரண்டாமவனை யார் நினைவில் வைக்கப் போகிறார்கள் என்ற பொருளில் டேக் ஏதோ சொன்னார். பதினெட்டு வயசு; சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

2000-இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது பிராங்கருக்குக் கிடைத்தது. 2015-இல் ஹாக்கிப் புகழ் மண்டபத்திலும் இடம் பெற்றார். டேக் 616 ஆட்டங்களில் 129 கோல் போட்டார். வேறொருவருக்கு அது கௌரவமான வாழ்வு. அவருக்கு மட்டும் தோல்வி என்று பெயர்!

அவர் யாரை ஏமாற்றினார்? வருங்காலத்தைத் தருவதாகப் பத்திரம் எழுதியது நாம்; கடன்காரப் பட்டம் மட்டும் அந்தப் பிள்ளைக்கு. ஒருவனிடம் ஆசை வைக்கலாம். அதற்கு வட்டி கேட்பது தர்மமல்ல.