ஆபத்தை அளப்பவரும் அதனைச் சுமப்பவரும்

கொள்ளைநோய்க் காலத்துக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்படும் பொழுதெல்லாம் ஒரு வாசகம் நம் முன் வைக்கப்பட்டது. இனி அவரவர் ஆபத்தை அவரவரே மதிப்பிட்டு நடந்துகொள்ள வேண்டும் என்பதே அது. 2021ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி இங்கிலாந்தில் பெரும்பாலான கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டபோது, சட்டம் இருந்த இடத்தில் தனிமனிதரின் சொந்தத் தீர்மானம் அமர்த்தப்பட்டது. இலங்கையில் 2020 மார்ச் 20இல் தொடங்கிய ஊரடங்கு அவ்வாண்டு ஜூன் 28இல் முற்றாக நீக்கப்பட்ட பின்பும், 2021 ஓகஸ்ட் 20இல் விதிக்கப்பட்ட முடக்கம் ஒக்ரோபர் 1இல் தளர்ந்த பின்பும், பொறுப்பின் பெரும்பகுதி மக்களின் கையிலேயே விடப்பட்டது. 2023 மே 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாப் பெருந்தொற்றின் அவசரநிலை முடிந்ததென அறிவித்தது. நோயின் அவசரம் முடிந்ததெனினும் அந்த வாசகம் எழுப்பிய அறவினா முடியவில்லை. என் ஆபத்து என்று ஒன்று உண்டா? உண்டெனில், அதனை அளக்கும் உரிமை எவர்க்கு உண்டு? அளந்தபின் அதனைச் சுமப்பவர் யார்? இவற்றையே இங்கு நாம் ஆராய விரும்புகிறோம்.

இவ்வாசகத்தை எடுத்த எடுப்பிலே தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அதில் உண்மையின் கூறு ஒன்று உளது. பூட்டிய கதவுக்குள் ஒரு சமுதாயம் என்றென்றும் வாழ முடியாது. நாட்கூலி உழைப்பாளிக்கும், வீதியோரத்தில் மரக்கறி விற்பவர்க்கும், கடலை நம்பி வாழும் மீனவர்க்கும் ஊரடங்கு என்பது அடுப்பு அணைந்த நாட்களேயாம். பசியும் ஓர் ஆபத்துத்தான்; அது கொடிய தொற்றிலும் விரைவாக வீட்டினுள் நுழைவது. மேலும், கட்டுப்பாடு என்னும் அதிகாரத்தை நமது அரசு எவ்வாறெல்லாம் பயன்படுத்தியது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஊரடங்கை மீறினர் எனப் பல்லாயிரவர் கைது செய்யப்பட்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் நல்லடக்கத்துக்கு இடமளித்திருந்தும், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை இறந்தோரின் உடல்கள் யாவும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. அதனால் முஸ்லிம் மக்கள் அடைந்த வேதனைக்கு 2024 ஜூலையிலேதான் அரசின் மன்னிப்பு வந்தது. ஆகவே, கட்டுப்பாடு நன்று, தளர்வு தீது என்று வாதிடுவது நம் நோக்கமன்று. தளர்வு வேண்டியதே. அத்தளர்வு எந்தத் தத்துவத்தின்மேல் நிறுத்தப்படுகிறது என்பதே கேள்வி.

தனிமனித சுதந்திரத்தின் பெயரால் பேசுவோர் ஆங்கிலத் தத்துவ ஞானி ஜோன் ஸ்ருவாட் மில்லைத் துணைக்கழைப்பது வழக்கம். 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தமது நூலில், ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சமுதாயம் கட்டுப்படுத்துவதற்குரிய நியாயம் பிறர்க்கு நேரும் தீங்கைத் தடுத்தல் ஒன்றே என அவர் வாதித்தார். மலையேறுதலை விளையாட்டாகக் கொண்ட ஒருவர் செங்குத்தான பாறையில் ஏறத் துணிவாராயின், அது அவர் துணிவு. வழுக்கினால் விழுபவரும் அவரே. ஆனால் தொற்றுநோய் அத்தகையதன்று. கொரோனாக் கிருமியைக் காவுபவர், இருமலோ காய்ச்சலோ தம்மிடம் தோன்றுமுன்னரே அதனைப் பிறர்க்குக் கொடுத்துவிட வல்லவர். எனவே மில்லின் கோட்பாட்டை ஒழுங்காகப் பொருத்திப் பார்த்தால், அது தளர்வுக்கு மாத்திரம் சாட்சி சொல்லவில்லை. தளர்ந்தபின் நாம் எவ்வாறு நடக்கிறோம் என்பதையும் விசாரிக்கிறது.

இதனை விளங்கிக்கொள்ள நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். என் வளவிலே கிடக்கும் சிரட்டையில் மழைநீர் தேங்குகிறது. அதிலே பிறக்கும் நுளம்பு என் வேலியை எல்லையாகக் கொள்வதில்லை. என் வளவு, என் சிரட்டை, என் ஆபத்து என்று நான் சொன்னால், அடுத்த வீட்டுக் குழந்தையின் காய்ச்சல் யாருடையது?

இரண்டாவதாக ஒரு கணக்கு உண்டு. பிரித்தானியத் தொற்றுநோயியல் அறிஞர் ஜெஃப்ரி றோஸ் 1985இல் எழுதிய கட்டுரையொன்றில் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்தினார். பெரிய ஆபத்துக்கு உள்ளான சிலரைக் காட்டிலும், சிறிய ஆபத்துக்கு உள்ளான பலரிடமிருந்தே கூடுதலான நோயாளர் தோன்றக்கூடும் என்பதே அது. எளிய எண்களால் இதனை நோக்குவோம். பத்து இலட்சம் மக்கள் உள்ள ஒரு நகரில் ஒவ்வொருவரும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மரண ஆபத்தை ஏற்கின்றனர் என்க. தனியொருவர் பார்வையில் அது புறக்கணிக்கத்தக்க சிறுதுளி. அவர் தமக்கு ஒன்றும் நேராதென எண்ணுவது பெரும்பாலும் சரியாகவே முடியும். ஆயினும் அந்நகரில் நூறு பிணங்கள் விழும். எவரும் தம் கணக்கில் தவறு செய்யவில்லை. எனினும் நூறு பேர் இல்லை. தொற்றுநோயின் விடயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. இறக்கும் அந்த நூறு பேர் துணிந்து வெளியே சென்றவர்களாக இருக்க வேண்டியதில்லை. சென்று திரும்பியவர்களின் வீட்டு மூலையில் படுத்திருந்த முதியவர்களாக அவர்கள் இருக்கலாம். சிறுநீரகம் பழுதுற்று, வாரத்தில் இரண்டு மூன்று தடவை பஸ்வண்டியில் வைத்தியசாலைக்குச் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்துவரும் நோயாளராகவும் இருக்கலாம். அவர்கள் அப்பஸ்வண்டியில் ஏறாமல் இருக்க முடியாது. முகக்கவசம் அணியாது அருகில் அமர்ந்தவர் தம் ஆபத்தை மாத்திரமே மதிப்பிட்டிருந்தார்.

மூன்றாவது விடயமே எமக்கு மிக முக்கியமானது. மதிப்பிட்டு நடத்தல் என்பது தெரிவு செய்தலாகும். தெரிவு என்றால் குறைந்தது இரண்டு வழிகளாவது திறந்திருக்க வேண்டும். ஒரே வழி திறந்திருக்க, அதனூடே செல்பவரை நோக்கி, நீ துணிந்து சென்றாய் என்று கூறுவது கேலியாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 மார்ச் முதல் டிசம்பர் வரை, 20 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்களில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 31 பேர் கொரோனாவினால் இறந்தனர் என்று அந்நாட்டுத் தேசியப் புள்ளிவிபர அலுவலகம் கணித்தது. சிறப்புப் பயிற்சி வேண்டாத எளிய உடலுழைப்புத் தொழில்களில் ஈடுபட்ட ஆண்களிடையே அத்தொகை ஏறக்குறைய 66. கிருமிக்கு வர்க்கம் தெரியாது என்று பலர் கூறினர். கிருமிக்குத் தெரியாதிருக்கலாம்; அது சென்றடைந்த வழிகளுக்குத் தெரிந்திருந்தது. கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட அந்த 2021ஆம் ஆண்டிலே நோயுற்று வேலைக்குச் செல்லாத தொழிலாளிக்கு அந்நாட்டுச் சட்டம் உறுதிசெய்த கொடுப்பனவு வாரத்துக்கு 96 பவுண் 35 பென்ஸ் மாத்திரமே. வாரத்துக்குச் சராசரியாக 120 பவுணிலும் குறைவாக உழைத்தவர்க்கு அதுவும் இல்லை. தொண்டை கரகரத்த காலையிலே, வாடகையை நினைத்து வேலைக்குப் புறப்பட்டவரின் தனிப்பட்ட தீர்மானத்தை எவ்வாறு பெயரிடுவது?

நமது நாட்டின் அனுபவமும் வேறன்று. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கில் இருந்தபோது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை நிற்கவில்லை. லயன் அறைகளில் நெருங்கி வாழ்ந்தோர் மலைக்குச் சென்று கொழுந்து பறித்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர் முதல் வாரத்தில் மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நோய் வெளிப்பட்டது; சில நாட்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தொற்றுக்கு உள்ளாயினர். அவர்களிற் பலர் இளம் பெண்கள். அதுவரை 13ஆக இருந்த நாட்டின் கொரோனா மரணங்கள் அவ்வாண்டு முடிவில் 200ஐ எட்டின. 2021ஆம் ஆண்டின் முடிவில் ஏறக்குறைய 15,000 ஆயின. 2021 ஓகஸ்ட் முடக்கத்தின் போதும் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் இயங்க இடமளிக்கப்பட்டது. கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தைச் சூழ்ந்த விடுதிகளில் ஓர் அறையைப் பலராகப் பகிர்ந்துகொண்டு, ஒரே கிணற்றிலும் ஒரே குளியலறையிலும் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு இடைவெளி பேணுக என்ற அறிவுரையின் பொருள் என்ன? அவளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது பாதுகாப்பு வரவில்லை. தளர்வு வந்தபோது சுதந்திரமும் வரவில்லை. இரண்டு காலத்திலும் அவள் தையல் இயந்திரத்தின் முன்னே இருந்தாள்.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழும். எல்லாவற்றுக்கும் சமுதாய அமைப்பே காரணமெனில், தனிமனிதர்க்கு அறக்கடமை எதுவும் இல்லையா? இவ்வாட்சேபம் நியாயமானது. முற்போக்காளர் சிலர் அமைப்பைச் சுட்டிக்காட்டி விட்டுத் தம்மைத் தாமே விடுவித்துக்கொள்வதும் உண்டு. அமைப்பு மாறும்வரை முகக்கவசம் அணிவதாற் பயனென்ன என்று கேட்பவர், தம் வசதியின்மேல் ஒரு தத்துவப் போர்வையைப் போர்த்துகிறார். மறுபுறத்தில், திருமண வீட்டுக்குச் சென்ற அயலவரைக் குற்றவாளியாக்கி ஏசுவதோடு தம் கடமை முடிந்ததென்று கருதுவோரும் உளர். அவர்களின் கோபம் மேலே ஏறுவதில்லை; பக்கத்து வீட்டு மதிலோடு நின்றுவிடுகிறது. இவ்விரு தவறுகளையும் நீக்கி ஒரு நடைமுறை நெறியைக் காணல் வேண்டும்.

அந்நெறியை நாம் இவ்வாறு வகுக்கலாம். ஆபத்தை மதிப்பிடும்போது, எனக்கு என்ன நேரும் என்று கேட்பதோடு நில்லாது, என் செயலின் விலையை என்னிலும் வலிமை குறைந்த எவர் செலுத்துவர் என்றும் கேட்க வேண்டும். விலகி நிற்க இடமுடையவர் முதலில் விலகி நிற்க வேண்டும். தளர்வினால் கிடைக்கும் இடமும் ஓர் அளவுக்கு உட்பட்டதே. பத்துப் பேர் கூடத்தக்க இடத்தில் பிழைப்புக்காக வருபவர்க்கு முதலுரிமை, பொழுதுபோக்குக்காக வருபவர்க்குப் பின்னுரிமை. ஆசிரியராகிய எங்களுக்குப் பாடசாலைகள் பூட்டியிருந்த மாதங்களிலும் சம்பளம் கிடைத்தது. நம் மாணவர்களின் தந்தையர் பலர்க்கு அது கிடைக்கவில்லை. ஆகவே கட்டுப்பாடு நீங்கிய பின்பும் காய்ச்சலுள்ள நாளில் வகுப்புக்குச் செல்லாமை, நெரிசலான பஸ்வண்டியிலும் வைத்தியசாலையிலும் முகத்தை மூடிக்கொள்ளல், தடுப்பூசியைத் தவறாது பெறல் என்பன நாம் பிறர்க்குச் செய்யும் தயவல்ல. எளிதிற் கொடுக்கக்கூடியவர் கொடுக்க வேண்டிய பங்கு அவை.

ஆனால் அப்பங்கோடு அறம் நிறைவெய்தி விடாது. காய்ச்சலோடு வீட்டில் இருத்தல் நல்லொழுக்கம் என்று மாணவருக்குக் கற்பிக்கும் நாம், அவ்வொழுக்கத்தைக் கைக்கொள்ளும் வசதி அவர்களின் பெற்றோர்க்கு இல்லையாயின், அவ்வசதிக்காகக் குரல் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள். நாட்கூலிக்கும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுமுறை, காற்றோட்டமுள்ள வகுப்பறையும் தொழிற்கூடமும், மனிதர் வாழத்தக்க விடுதி அறை, லயனுக்குப் பதிலாக வீடு என்னும் இவை நோய்த் தடுப்பு மருந்துகளே. தேசங்களுக்கிடையிலும் இதே நியாயம் பொருந்தும். 2020 ஒக்ரோபரில் இந்தியாவும் தென்னாபிரிக்காவும் தடுப்பூசி முதலியவற்றின் மீதான காப்புரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்குமாறு உலக வர்த்தக நிறுவனத்திடம் கோரின. தடுப்பூசிகளை மட்டுமே தழுவியதும் குறுகியதுமான ஒரு முடிவு 2022 ஜூனில்தான் எட்டப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே செல்வந்த நாடுகள் தம் ஆபத்தைத் தாம் மதிப்பிட்டுத் தம் கதவுகளைத் திறந்துகொண்டன. மருந்து எட்டாத நாடுகளின் மக்களுக்கு மதிப்பிட எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு தொற்று வரும். அதன் பின் இன்னொரு தளர்வும் வரும். அப்பொழுதும் அதே வாசகம் நம்மிடம் கூறப்படும். அதனைக் கூறுவோரை நோக்கி நாம் ஒரு கேள்வியை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். அளக்கும் கோலை எம் கையில் தந்தீர்கள். நோயுற்ற நாளில் வீட்டில் இருப்பதற்கான கூலியை எவர் கையில் தந்தீர்கள்? அக்கேள்விக்கு விடை கிடைக்கும் வரை, தனிப்பட்ட ஆபத்து என்பது வசதியுள்ளோர் அளந்து, வசதியற்றோர் சுமக்கும் ஒன்றாகவே இருக்கும்.