வடிவும் வாய்மையும்

ஒழுக்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழுவன கொலை, களவு, பொய், சூது போன்ற பெரும்பிழைகளே. ஒரு வரியை எவ்வளவு உள்தள்ளி எழுதுவது, எந்த மேற்கோள்குறியை இடுவது என்பனவெல்லாம் அச்சுக்கோப்பவரின் கவலை. அறம் பேசுவோர்க்கு அங்கு என்ன வேலை? நானும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணியிருந்தேன். கணினி நிரல்களை விளக்கும் கையேடுகளைப் படிக்கவும், பின்னர் மாணவர்க்காகச் சில பயிற்சித் தாள்களை நானே எழுதவும் நேர்ந்த பிறகுதான், அவ்வெண்ணத்தில் ஓட்டை இருப்பதைக் கண்டேன்.

மென்பொருட் கையேடு விந்தையான ஒரு நூல். அதில் இரண்டு மொழிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று மாந்தரை நோக்கியது. மற்றொன்று பொறியை நோக்கியது. மாந்தர் எழுத்துப் பிழையைப் பொறுத்துப் பொருளைக் கொள்வர். பொறியோ எழுத்தையன்றி வேறொன்றும் அறியாது. ஆகவே கையேடு எழுதுவோர் நிரற்பகுதியைத் தனியே பிரித்து, சம அகல எழுத்தில், ஒரு கட்டத்துள் அமைத்துக் காட்டுவது வழக்கமாயிற்று. அக்கட்டம் அழகுக்காக வரைந்த கோலம் அன்று. "இதனுள் இருப்பதை உள்ளவாறே எடுத்துக்கொள்; ஓர் எழுத்தையும் கூட்டாதே, குறைக்காதே" என்று, எழுதியவன் தான் காணாத ஒருவனுக்குக் கொடுக்கும் வாக்கு அது.

நம் தமிழுக்கு இச்சிக்கல் புதிதன்று. ஓலைச்சுவடிகளில் மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். புள்ளியும் பல இடங்களில் இராது. சுவடிகளை ஆய்ந்து பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றோர், பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்று பிரித்தறியப் பட்ட பாடு சிறிதன்று. இன்று நாம் மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் எளிதாகக் கண்டு படிக்கிறோமெனில், அதற்குப் பின்னால் சிலருடைய கண்ணொளி கரைந்திருக்கிறது. நிரற்பகுதியே மூலம், அதைச் சுற்றியுள்ள விளக்கமே உரை. மூலம் எது என்பதில் ஐயம் வந்துவிட்டால் உரை எவ்வளவு சிறந்திருந்தும் பயனில்லை.

1971-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாளிட்டு வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பை இங்கே எண்ணிப் பார்க்கலாம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய நூல் அது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று ஒரே வரிசையில் தலைப்புகள். குறைகள் என்றும் ஒரு தலைப்பு உண்டு. தம் படைப்பின் குறையைத் தாமே எழுதி வைத்த நேர்மையை நான் இன்றும் வியக்கிறேன். நூலின் தொடக்கத்திலேயே, அடிக்கோடிட்ட சொற்களை உள்ளவாறே தட்டச்சிட வேண்டும், சதுர அடைப்பினுள் இருப்பதை விட்டுவிடலாம் என்று குறியீடுகளின் பொருளைச் சொல்லிவிட்டனர். வாக்கு இன்னதென்று முன்னரே அறிவித்துவிட்டுப் பிறகு நூல் முழுவதும் அதைக் காத்தல் என்னும் முறை அங்கே இருந்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்திற்கு, பைத்தான் மொழியில் சிறு நிரல்கள் எழுதப் பழக்கும் பயிற்சித் தாள்களை நான் எழுதினேன். மாணவர் அவற்றைக் கணினியில் திறந்து, நிரலைப் படியெடுத்து ஒட்டி, இயக்கிப் பார்க்க வேண்டும். முதற்பக்கத்தில் நிரலைச் சம அகல எழுத்தில் ஒழுங்காகப் பிரித்து வைத்தேன். மூன்றாம் பக்கத்தில், நேரமின்மையால், ஒரு வரி நிரலை விளக்கத்தின் நடுவிலேயே சாதாரண எழுத்தில் எழுதிவிட்டேன். சொற்செயலி தன் வழக்கப்படி நேர் மேற்கோள்குறிகளை அழகிய வளைகுறிகளாக மாற்றிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ நேர்குறி 34-ஆம் எண். வளைகுறிகள் 8220, 8221 என்னும் எண்கள். அவை முற்றிலும் வேறான எழுத்துகள். நிரல் ஓடவில்லை, தவறான எழுத்து என்னும் செய்தி மட்டும் திரையில் வந்தது.

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி அவ்வரியை நான்கு முறை அழித்து நான்கு முறை ஒட்டினாள். நான் அருகிற் சென்றபோது, "நான்தான் எங்கேயோ தப்புச் செய்துட்டேன் ஐயா" என்றாள். அவள் ஒரு தவறும் செய்யவில்லை. தாளில் இருந்ததைத் தாளில் இருந்தவாறே செய்தாள். என்னை நம்பினாள், அதுவே அவளுடைய இடர்ப்பாட்டிற்குக் காரணம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வர நேரமாயிற்று. பிழை சிறிது, ஐந்து நொடியில் திருத்திவிட்டேன். ஆயினும் ஒன்று உறுத்தியது. அறிந்தவன் ஒருவன் அத்தாளைப் படித்திருப்பானேல், குறிகளைத் தானே மாற்றிக்கொண்டு சென்றிருப்பான். பிழை இருந்ததையே கவனித்திரான். ஒழுங்கற்ற எழுத்தின் சுமை ஆசிரியன் மேலும் விழுவதில்லை, வல்லவன் மேலும் விழுவதில்லை. முதன்முதலாக வந்து நிற்கும் எளியவன் மேல் விழுகிறது. அவனோ அதைத் தன் அறிவின்மை என்று எடுத்துக்கொண்டு வாயடைத்துப் போகிறான். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொண்ட பிள்ளையை மீட்பது, கணக்குத் தெரியாத பிள்ளைக்குக் கணக்குக் கற்பிப்பதிலும் கடினம்.

இத்தகைய கண்ணிகள் கையேடுகளில் எத்தனையோ உள. கட்டளைகளைக் காட்டும்போது வரியின் தொடக்கத்தில் டாலர் குறியை இடுவர். அது கணினி தன் காத்திருப்பை அறிவிக்கும் குறி, நாம் எழுத வேண்டியதன்று. ஒரு பக்கத்தில் அக்குறி இருக்கும், அடுத்த பக்கத்தில் இராது. புதியவன் அதையும் சேர்த்து எழுதி, அப்படியொரு கட்டளை இல்லை என்னும் மறுமொழியைப் பெறுவான். இதுவாவது வெளிப்படையான தோல்வி. சில கையேடுகள் "#" என்னும் குறியை இட்டு, இக்கட்டளையை முழு அதிகாரம் பெற்ற நிருவாகியாக நின்று இயக்குக என்று உணர்த்தும். ஆனால் கட்டளைவரியிலோ அக்குறிக்குப் பொருள், இனி வருவதைப் பொருட்படுத்தாதே என்பது. படியெடுத்து ஒட்டினால் ஒன்றுமே நிகழாது. பிழைச் செய்தியும் வாராது. பொறி வாய் திறவாது இருக்கிறது. புதியவன் வேலை முடிந்தது என்று நம்பி அடுத்த படிக்குச் செல்கிறான். கோப்பின் பெயரை இங்கே இடுக என்பதற்கு ஒரு பக்கத்தில் கோண அடைப்பு, மற்றொன்றில் சாய்வெழுத்து, வேறொன்றில் வெறுமனே ஒரு பெயர். கோண அடைப்பையும் சேர்த்து எழுதினாலோ, கணினி அதை உள்ளீட்டைத் திருப்பும் ஆணையாகக் கொண்டுவிடும்.

வள்ளுவர் வாய்மைக்கு வரையறை கூறுமிடத்து, உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் என்று கூறாமல், பிறர்க்குத் தீங்கு பயவாத சொல் என்றே கூறினார். நான் எழுதிய வரி பொய்யன்று. என் மனத்தில் இருந்த நிரல் சரியானதே. ஆனால் கேட்பவரிடம் சென்று சேர்ந்தபோது அது தீங்காயிற்று. பேச்சில் இக்குறையைக் கண்டதும் திருத்தலாம். கேட்பவர் முகம் சுருங்குவதே நமக்கு அறிவிப்பு. எழுத்தில் அம்முகம் இல்லை. முகம் காணாத குறையை ஈடுசெய்ய எழுதுவோனிடம் உள்ளது ஒருசீரான வடிவம் ஒன்றே.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். ஒருசீர்மையைப் பெரிதும் போற்றுவது சிறுமதியன்றோ? அமெரிக்க அறிஞர் எமர்சன் 1841-இல் வெளியிட்ட தன்னம்பிக்கை பற்றிய கட்டுரையில், பொருளின்றிப் பற்றிக்கொள்ளும் ஒருசீர்மையை எள்ளி நகையாடினார். வியப்பு என்னவெனில், பைத்தான் மொழிக்கென 2001-இல் வகுக்கப்பட்ட எழுத்துநடை விதித்தொகுப்பே அவ்வெச்சரிக்கையை ஒரு தலைப்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நான்கு இடைவெளி விட்டு உள்தள்ளுக என்று கண்டிப்புடன் கூறும் அதே தொகுப்பு, விதியைப் பின்பற்றினால் படிப்பவர்க்கு இடர் நேருமாயின் விதியை விட்டுவிடுக என்றும் கூறுகிறது. சி மொழியைப் பற்றிக் கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் எழுதிய நூலிலும், அடைப்புக்குறியை எங்கே இடுவது என்பதில் அவர்கள் பிடிவாதம் காட்டவில்லை. ஒரு முறையைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள் என்றனர். நான்கு இடைவெளியா எட்டா என்பதில் அறம் ஏதுமில்லை. நான்கென்று காட்டிவிட்டு மூன்றாம் பக்கத்தில் மாறுவதிலேதான் இருக்கிறது.

எனினும் ஒருசீர்மை பிழையையும் காத்துவிடும் என்பதற்கு ஒரு கதை உண்டு. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக் என்னும் கருவியை எழுதினார். அதில் கட்டளை வரிகள் டேப் எழுத்தால் தொடங்க வேண்டும், இடைவெளிகள் கூடா. இரண்டும் திரையில் வேறுபாடின்றித் தோன்றும். இது நல்ல ஏற்பாடன்று என்பது சில வாரங்களிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ 12 பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்குத் தொல்லை தர விரும்பாமல் அப்படியே விட்டுவிட்டார். அக்கருவிக்காக 2003-இல் உயரிய விருதொன்றும் பெற்றார். அந்த டேப் எழுத்தோ இன்றும் நிற்கிறது. கையேட்டுப் பக்கம் அதை இடைவெளிகளாக மாற்றிவிட்டால், படியெடுப்பவனுக்குப் பிரிப்பான் இல்லை என்ற செய்தி மட்டுமே கிட்டும். 12 நண்பர்பால் கொண்ட பரிவு, பின்வந்த எண்ணிறந்தோர்க்குச் சுமையாயிற்று. அவரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. அவரிடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

ஒருசீர்மைக்கு வேறொரு பயனும் உண்டு; பலர் அதை எண்ணுவதில்லை. வடிவம் நிலையாக இருந்தால் வாக்கைச் சோதித்துப் பார்க்கவும் இயலும். டிம் பீட்டர்ஸ் ஆக்கிய டாக்டெஸ்ட் என்னும் கருவி 2001 முதல் பைத்தானுடன் வருகிறது. விளக்கத்தின் இடையே மூன்று கோணக்குறிகளுடன் தொடங்கும் எடுத்துக்காட்டுகளைத் தேடி எடுத்து, அவற்றை இயக்கி, கையேடு கூறும் விடையும் உண்மையில் வரும் விடையும் ஒன்றா என்று அது ஒப்பிடுகிறது. குறி பிசகிய எடுத்துக்காட்டு அதன் கண்ணிற்படாது. பொய்யாகிப் போனாலும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

நானும் என் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு திருத்தத் தொடங்கினேன். நிரலுக்கெல்லாம் ஒரே கட்டம், ஒரே எழுத்து. நிரப்ப வேண்டிய இடத்திற்கு ஒரே குறி. அக்குறியின் பொருள் முதற்பக்கத்திலேயே. வார்ப்பை மாற்றுந்தோறும் ஒவ்வொரு வரியையும் தாளிலிருந்தே படியெடுத்து இயக்கிப் பார்க்கிறேன். இருபத்திரண்டில் ஒன்பது முடிந்துவிட்டன. ஆனால் திருத்திய தாளையும் திருத்தாத தாளையும் ஒரே வாரத்தில் கையிற் பெறும் மாணவன் குழம்புகிறான். முழுவதும் முடியும்வரை பழையதையே கொடுப்பதா, பிழை தெரிந்தும் அவ்வாறு கொடுக்கலாமா என்பதில் நானும் என் சக ஆசிரியரும் இன்னும் உடன்படவில்லை. அம்மாணவி இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டாள். பழைய தாள்களின் படி அவளிடம் இருக்கிறது. தன் தம்பிக்கு அதை வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பதாகச் சென்ற மாதம் அவள் தாயார் கூறினார்.