ஒளியும் தோலும் வியாபாரமும்

சரக்கின் குறையை மறைத்து விற்றல் ஆகாதென்பது வணிகராகிய நாம் அறிந்ததே. மேனியைப் பளபளப்பாக்கும் ஒளிச்சிகிச்சைக்கும் இது பொருந்துமா?

1960-இல் மைமன் என்பார் லேசர் ஒளியை உண்டாக்கினார். குறித்த நிறப்பொருளை மட்டும் ஒளியால் சுட்டழிக்கலாமென 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் அறிஞர்கள் விளக்கினர். கரும்புள்ளியிலுள்ள மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடேறிச் சிதைகின்றது. ஆனால் நம்மவர் தோல் முழுவதிலுமே மெலனின் மிகுதி. வெள்ளையர்க்கென அளந்த ஒளியை அப்படியே பாய்ச்சினால் நல்ல தோலும் வெந்து கொப்புளிக்கும். போக்க வந்த கருமையே கூடவும் கூடும். அதனாற்றான் மலேசிய சுகாதார அமைச்சின் நெறிகள் லேசர்ச் சிகிச்சையைத் தகுதி பெற்ற மருத்துவர்க்கே உரியதாக்கியுள்ளன.

ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தோட்டப்புறத்துப் பெண்ணொருத்தி, சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசோடு அழகு நிலையம் வருகிறாள். அபாயத்தைச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவாளே என்பார் சிலர். போகட்டும். கிழிந்த துணியை மாற்றிக் கொடுக்கலாம். வெந்த தோலை யார் மாற்றித் தருவது? கேட்கத் தெரியாதவரிடம் சொல்லும் கடமை நமக்கு அதிகமன்றோ?

இன்னொன்றும் உண்டு. கறுப்பு நிறமே ஒரு குறையென்று விளம்பரம் செய்கிறோம். சரக்கின் குறையை மறைப்பது வஞ்சனையானால், வாங்குவோரிடம் இல்லாத குறையைக் கற்பிப்பது எதுவாகும்? கல்லாப்பெட்டியைப் பூட்டுமுன் நாம் எண்ணிப் பார்ப்போமாக.